அவர் கால் கழுவிய தண்ணீர்

என் மாமனாரை எனக்குப் பிடிக்காது. செத்துப்போனவரைப் பற்றி இப்படிப் பேசக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிற யாரும் அவருக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் இல்லை.

எழுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருடம். ஏரலுக்குக் கிழக்கே எங்கள் ஊர் கடைமடை. மேலே இருப்பவன் குளித்து, வாழைக்குப் பாய்ச்சி, மிச்சம் விட்டால்தான் எங்கள் வாய்க்கால் நனையும். அந்த வருடம் நனையவே இல்லை. நெல் பால் பிடிக்காமலே சாவியாகி, வெறும் பதராய்ப் போனது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளித்தான் குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். நான் அப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. என் வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், சனிக்கிழமைதான் வருவார். அங்கே கப்பலுக்குக் குழாய் வைத்து நல்ல தண்ணீர் ஏற்றுகிறார்கள் என்று அதிசயமாகச் சொல்வார். எனக்கு வயிறு எரியும்.

வறட்சியைப் பார்த்து எழுத அதிகாரி வருகிறார், அவர் எழுதினால் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் லாரி வரும் என்று சேதி வந்தது. அந்த லாரி ஒன்றைத்தான் நான் நம்பியிருந்தேன். மாமனாருக்கோ வீட்டு மானம்தான் பெரிது. வருகிறவர் கண்ணில் வெறுங்குடம் படக் கூடாதாம். விடிந்ததும் என்னை ஆற்றுக்கு விரட்டி, ஐந்து குடத்தையும் நிரப்பி வாசலில் வரிசையாக வைக்கச் சொன்னார். கும்பி கூழுக்கு அழ, கொண்டை பூவுக்கு அழுத கதைதான்.

அதிகாரி மத்தியானம் ஜீப்பில் வந்தார். வயலில் இறங்கிக் கதிரைக் கசக்கி ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. முழு விளைச்சலைப் பதினாறணா என்று வைத்தால் இரண்டணாகூடத் தேறாது என்று எழுதினார். அதில் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிறகு வீட்டுக்கு வந்தார். மாமனார் ஒரு முழுக் குடத்தைச் சரித்து அவர் காலில் ஊற்றினார். அந்த மனிதர் முகமும் கழுவினார், இரண்டு செம்பு குடித்தார், குடிதண்ணீருக்குச் சிரமம் உண்டா என்று கேட்டார்.

"உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல சார்," என்றார் மாமனார்.

கல்யாண வீட்டில் சம்பந்தியிடம் சொல்கிற பேச்சு. அதிகாரி மிச்சமிருந்த நிறைகுடங்களை ஒரு பார்வை பார்த்தார், எழுதிக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமனார் எதிரில் மருமகள் வாய் திறக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. திறக்காமல் நின்றதற்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை.

லாரி பக்கத்து ஊருக்குப் போனது. எங்கள் தெரு வழியாகத்தான் போக வேண்டும், வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகும்.

அது முதன்முதலாகப் போன அன்று, மாமனார் சாப்பிட்டு எழுந்து முற்றத்தில் நின்றார்.

"ஏளா, கை கழுவத் தண்ணி கொண்டா."

நான் வெளியே வந்தேன். அவர் முகத்தைப் பார்த்து அன்றைக்குத்தான் முதலில் பேசினேன்.

"உங்க பங்குத் தண்ணியிலதான் அவரு காலு கழுவிட்டுப் போயிட்டாரு மாமா."

மாமனார் எச்சில் கையை ஒதுக்கிப் பிடித்தார். பிறகு இடது கையால் வெறுங்குடம் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் குடத்தோடு ஆற்றுக்குப் போவதை ஊரே வாசலில் நின்று பார்த்தது. நான் கூப்பிடவில்லை.