மேடையில் நான் விழுங்கிய வாக்கியம்

மேய்ச்சல் நில அறிவியலுக்கான பன்னாட்டு மாநாடு பாலக்காட்டில் நடைபெறவிருக்கிறது என்ற செய்தி வந்தபோது, அதன் முதன்மை மேடையில் நான் பேசுவேன் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. கல்லூரியில் தாவரவியல் கற்பித்த காலம் முழுவதும் கொழுக்கட்டைப் புல்லைப் பற்றியே எழுதியவன் நான். பாலக்காட்டை அடுத்த சித்தூர் தொடங்கிக் கோவிந்தாபுரம் வரை, மழை குன்றிய அந்த நிலப்பரப்பில் அப்புல் எங்கெங்கு வளர்கிறது என்பதை நடந்தே அறிந்தவன். கட்டுரையை அனுப்பிவிட்டு, மேடைக்கென்று ஒரு புது வேட்டியும் வாங்கி வைத்தேன்.

கட்டுரை ஏற்கப்பட்டது, ஆனால் மேடைக்கு அல்ல, நடைவழியில் நிறுத்தும் விளக்கப் பலகைக்கு. மேடையில் பேசவிருந்தவர் கோவிந்தாபுரத்தை அடுத்த சிற்றூரில் காங்கேயம் மாடுகள் வளர்க்கும் ஓர் அம்மையார். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த என் பழைய மாணவர் தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சார், அந்த அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. அவங்க பேசறத எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். புல்லும் தெரியணும், அவங்க தமிழும் புரியணும். உங்கள விட்டா யாரு சார்?"

"எனக்கு மேடை கிடையாது. மேடைக்குப் பக்கத்துல நாற்காலி மட்டும் உண்டு. அப்படித்தானே?"

"அய்யோ, அப்படியெல்லாம் நெனைக்காதீங்க சார்."

மறுத்திருக்கலாம். அந்த மேடையில் ஏறுவதற்கு வேறு வழி இல்லாததால் ஒப்புக்கொண்டேன்.

மாநாட்டு நாளன்று காலையில் அம்மையார் வேரோடு பெயர்த்த ஒரு புற்கற்றையைக் கோணிப்பையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அயல்நாட்டு ஆய்வாளர்கள் அதைச் சூழ்ந்து நின்று படம் எடுத்தனர். ஒருவர் மண்டியிட்டு அதன் வேரை முகர்ந்தார். என் பலகையின் முன் நின்றவர் ஒரே ஒருவர். தேநீர் எங்கே தருகிறார்கள் என்று கேட்டுவிட்டு அவரும் போனார். அழுக்காறு என்று எழுதினால் சற்றுக் கண்ணியமாகத் தோன்றும். எனக்கு இருந்தது வெறும் பொறாமை.

கையில் ஒரு தாளும் இல்லாமல் அவர் பேசத் தொடங்கினார். கிளுவை வேலியிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை விட்டு, புல்லுக்கென்றே ஒதுக்கிய நிலத்தை அவர் ஊரார் கொறங்காடு என்பர். அதைப் பற்றிய பேச்சு.

"எங்க செவலைய உள்ள உட்டுட்டு நானும் பின்னாலயே போவேனுங்க. எந்தப் புல்ல மோந்து பாத்துட்டு அது தாண்டிப் போகுதுன்னு பாத்தாப் போதும், காடு எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சுபோகும்."

நான் ஆங்கிலத்தில் சொன்னது: கால்நடைகள் தேர்ந்து மேய்கின்றன. பொருளில் பிழை இல்லை. ஆனால் மாட்டையும் அவரையும் அந்த வாக்கியத்திலிருந்து வெளியேற்றிவிட்டேன், தெரிந்தேதான் செய்தேன்.

"மழ பேஞ்சதும் படலச் சாத்திருவோமுங்க. புல்லு பூத்து, வெத உதுந்தப்பறந்தான் மாடு உள்ள போகும். என்னையக் கட்டிக்குடுத்து வந்த புதுசுல காலேஜ் மாஷ் ஒருத்தரு எங்க ஊட்டுக்கு வந்தாருங்க. பூக்கறதுக்கு முந்தியே மேய உடுங்க, அப்பத்தான் சத்துன்னு எங்க மாமனார்கிட்டச் சொல்லிப்போட்டுப் போனாரு. மாமனாரும் நம்பி உட்டாரு. மூணு வருசத்துல காடு வெறும் மண்ணாப் போச்சுங்க. ரெண்டு சோடி மாட்ட வித்துப்போட்டோம்."

பாலக்காட்டில் ஆசிரியரை மாஷ் என்பர். அந்த மாஷ் நான். அம்மையாரின் முகம் எனக்கு நினைவில்லை. அவருடைய மாமனாரின் முகம் நினைவிருந்தது. கல்லூரித் தோட்டத்தில் அறுத்துப் போடும் புல்லில் கண்ட உண்மையை, விதை உதிர்ந்து தானே முளைக்க வேண்டிய காட்டுக்கு அப்படியே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதே பரிந்துரை, அந்த நேரத்தில், வெளியே என் பலகையில் பெரிய எழுத்தில் நின்றுகொண்டிருந்தது. இதை நான் ஆங்கிலத்தில் சொன்னால் என் வாழ்நாள் ஆய்வின் தலையான முடிவை என் வாயாலேயே மறுத்ததாகும்.

"மழைக்காலத்தில் நிலம் மூடப்படுகிறது, விதை உதிர்ந்தபின் திறக்கப்படுகிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாஷே, நான் ஒரு வண்டி கொட்டுனேன், நீங்க ஒரு கூடையில அள்ளிப்போட்டீங்க?"

தமிழ் புரிந்தவர்கள் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லலாம் என்று ஏதோ சமாளித்தேன். சிரிப்பு பெரிதாயிற்று.

பேச்சு முடிந்ததும் மங்கோலியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் எழுந்தார். பூப்பதற்கு முன்பே எப்போதாவது மேயவிட்டுப் பார்த்ததுண்டா, என்ன நேர்ந்தது என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"அதத்தானுங்களே மொதல்லயே சொன்னேன்" என்றார் அம்மையார். பிறகு ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இப்பச் சொல்லீருங்க மாஷே" என்றார்.

சொன்னேன். மாமனார், மூன்று ஆண்டுகள், வெறும் மண், விற்ற மாடுகள், எதையும் விடவில்லை. "ஒரு கல்லூரி ஆசிரியர்" என்பதோடு நிறுத்தவில்லை. அந்த ஆசிரியர் நானே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவையே என்னை நோக்கித் திரும்பும், கைதட்டுவார்கள், குறைந்தது ஒரு கேள்வியாவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மங்கோலியர் தலையசைத்துக் குறிப்பெடுத்தார். அழிந்த காடு மீள எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதுவும் அம்மையாரிடந்தான்.

இறங்கி வரும்போது அவரிடம் கேட்டேன்: "அந்த ஆள் நான்தான்னு உங்களுக்கு முன்னாலேயே தெரியுமோ?"

"காத்தால வாசல்ல பாத்தப்பவே தெரியுமுங்க. பேர எதுக்குச் சொல்லோணும்னுட்டு ஒருத்தருன்னேன். நீங்களே போட்டு ஒடைச்சுட்டீங்க" என்று சிரித்தார்.

மேடையும் புல்லும் அவருடையனவாகிவிட்டபின், பெருந்தன்மையாவது எனக்கென்று எஞ்சும் என நம்பியிருந்தேன். காலையிலிருந்தே அதையும் அவர் கடைப்பிடித்து வந்திருக்கிறார்.

அதற்குள் பத்துப் பதினைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். பொறாமை தணிந்தது என்று எழுத எனக்கும் விருப்பந்தான்; தணியவில்லை. ஆயினும் மாலை பேருந்து புறப்படும் வரையில், செவலை எந்தப் புல்லை எப்படி முகர்ந்தது என்பது உட்பட, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் முழுதாகவே சொன்னேன்.