அடிமரத்துக் கிளை

காந்திமதிக்குக் கூட்டேரிப்பட்டு நர்சரியில் ஒட்டுக் கட்டுகிற வேலை. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை குச்சியைச் சீவுவதும், செருகுவதும், பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றுவதும்தான். வீடு திரும்பும்போது கட்டைவிரல் விறைத்துப் போயிருக்கும். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கக்கூட இன்னொருத்தர் கை வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் நின்றது நாட்டு மாமரம், படுபுளிப்பு. வீட்டில் மற்ற யாருக்கும் அது ஆகாது. அதனால் அவள்தான் கிளைகளை வெட்டி, துளிர்த்ததில் ஒட்டுக் கட்டினாள். வீட்டுக்காரர் தேவசகாயத்துக்குப் பங்கனப்பள்ளி, மகன் தென்னரசுக்குச் செந்தூரா, மகள் ரோஜாவுக்கு ருமானி. ஒரே மரத்தில் மூன்று பழமா என்று தெருவே வந்து பார்த்தது. காந்திமதிக்கோ இனிப்புப் பழம் இறங்காது. கூழுக்குக் கடித்துக்கொள்ளப் புளி மாங்காய் என்றால் உயிர். அதற்கு ஒரு கிளையை விட்டுவைக்க வேண்டும் என்று அவளுக்கே தோன்றவில்லை. அப்படி ஒரு பெண்பிள்ளை!

ஒட்டுப் போட்ட மரத்தைச் சும்மா விட முடியாது. அடிமரத்தில் நாட்டுத் துளிர் கிளம்பிக்கொண்டே இருக்கும். விட்டால் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். "வர்றப்போ போறப்போ கிள்ளிப் போடுங்களேன், கை வலிக்குது" என்று வருஷக்கணக்காகக் கத்தியும் ஒருத்தரும் அசைந்ததில்லை. தின்ன மட்டும் வரிசையாக வந்துவிடுவார்கள்.

ஒரு வருஷம் அலுத்துப்போய்க் கிள்ளிக்கொண்டிருந்தவள், ஒரு துளிரை மட்டும் விட்டாள். எனக்கென்று ஒன்று இருக்கட்டுமே. யாரிடமும் சொல்லவில்லை. மற்ற கிளைகளை வாட்டாதபடி நுனியை வெட்டி வெட்டி அடக்கித்தான் வளர்த்தாள். இந்தத் தை மாதம் அது முதல்முறையாகப் பூத்தது, பிஞ்சும் பிடித்தது. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதை நினைத்து வாய் ஊறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நர்சரியில் அவசர ஆர்டர் என்று போய்விட்டுத் திரும்பினாள். மரத்தடியில் தென்னரசு கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் அந்தக் கிளை, பிஞ்சோடு கிடந்தது.

"நாட்டுக் கிளை எம்மாம் பெருசாயிடுச்சு பாரும்மா. நீ கை வலி, கை வலின்னு சொல்லிக்கினே இருக்கியே, அதான் நானே வெட்டிட்டேன்."

திட்ட வாய் வரவில்லை. இத்தனை வருஷத்தில் பிள்ளை இப்போதுதான் ஒரு ஒத்தாசை செய்திருக்கிறான். அவளுக்கு அழுகைதான் வந்தது. தரையில் உட்கார்ந்து பிஞ்சுகளைப் பொறுக்கி மடியில் போட்டாள்.

"அது எனக்குன்னு விட்டு வெச்சதுடா."

"உனக்கா?" தென்னரசு கத்தியைக் கீழே வைத்தான். "உனக்கு மாங்காவே புடிக்காதுன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."