அய்யாவுக்கு அண்ணன் வாங்கி வந்த செருப்பு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் முதல் பக்கத்தில் அவருடைய சிரித்த முகத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பொய்ப்பழியைச் சுமந்துகொண்டு ஒரு மனிதர் எப்படிச் சிரித்தார் என்று யோசிக்க யோசிக்க எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இது மறைந்தவருக்கான மலர் என்பதால் மரியாதை குறையாமல் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் செட்டுகள் என்னும் கொட்டகைகள் நிறைந்த தெருவில். அய்யா அந்தச் செட்டுகளில் ஒன்றில் தறி ஓட்டினார். அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். அண்ணன் பிறந்து எட்டு ஆண்டுகள் கழித்து நான். எங்கள் இருவரைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லை. பஞ்சுத் தூசியில் நின்று நின்று அய்யாவுக்கு இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. எலக்ட்ரீசியன் படிப்பை முடித்த அண்ணன், அய்யாவைத் தறியிலிருந்து இறக்கி வீட்டில் உட்கார வைத்தே தீருவேன் என்று சொல்லித்தான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினார்.

தெருவில் யார் வீட்டிலும் அப்போது போன் கிடையாது. கடிதம் மட்டும்தான். "இங்கேயும் மலை இருக்கிறது. ஆனால் ஒரு மரம் கிடையாது. மொட்டைப் பாறைதான். வேலை முடிந்து வெளியே வந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் மலையில் மேகம் இறங்கி நிற்பது ஞாபகம் வருகிறது" என்று ஒரு முறை எழுதியிருந்தார். அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்த கடிதத்தை நான் வாசித்துக் காட்டுவேன். அய்யா சொல்லச் சொல்ல பதிலையும் நானே எழுதுவேன். வீட்டின் கையெழுத்து என்றால் அண்ணனுக்கு அது என் கையெழுத்துதான்.

ஐந்தாவது ஆண்டு ஐப்பசியில், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அய்யா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. அன்று வீட்டுப் பொறுப்பு முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டவர் அய்யாவின் தம்பியான எங்கள் சித்தப்பா. இந்த மலரை இன்று கையில் வைத்திருக்கும் அதே சித்தப்பாதான். தந்தி கொடுக்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது அவர் மறித்தார்.

"மதினி, பயலுக்கு இப்பச் சொல்லிராதிய. அடிச்சுப் பிடிச்சுக் கிளம்பி வந்தான்னா வேலை போயிரும். நாமளே அவன் பொழப்பக் கெடுத்த மாதிரி ஆயிரும்."

அம்மா நம்பினார். உண்மைக் காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சித்தப்பாவின் மூத்த மகனுக்காக அண்ணன் தன் ஃபோர்மேனிடம் சொல்லி விசாவுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அண்ணன் கிளம்பி வந்துவிட்டால் அந்த விசா நின்றுபோகும். அதற்காக எங்கள் அய்யாவின் சாவு மறைக்கப்பட்டது. கொள்ளி வைத்தது சித்தப்பா மகன். கருமாதியன்று மகனுக்குரிய உருமாத் தலைப்பாகை கட்டியதும் அவருக்கே.

அண்ணனிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. பதில் எழுத வேண்டியது நான். "அய்யா சொகம்னு எழுதுட்டி. அழுது வடிஞ்சு தாளை நனைச்சிராத" என்று சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். நான் எழுதினேன். எனக்கு அப்போது வயது பதினாறு. அந்த வயதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நான் எழுதியதால்தான் அண்ணன் நம்பினார்.

தை மாதம் ஒரு கடிதம் வந்தது. பங்குனியில் விடுமுறையில் வருவதாகவும், அய்யாவுக்கு நல்ல தோல் செருப்பு வாங்கப் போவதாகவும், காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பும்படியும் எழுதியிருந்தார். அய்யாவின் பழைய செருப்பைக் கருமாதியன்றே கொடுத்தாயிற்று. அளவெடுக்க எதுவுமில்லை. செருப்பே வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்றேன். சித்தப்பா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வெள்ளைத்தாளைத் தரையில் போட்டு, தன் இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.

"ம், வரை. வேண்டாம்னு எழுதுனா சந்தேகப்படுவான்."

சித்தப்பாவின் இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் கிடையாது. இளவயதில் தறிச் செட்டில் பாவு நூல் சுற்றிய பீம் உருளை விழுந்து நசுங்கிப்போனதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். நான் வரைந்து முடித்ததும் அந்த இடைவெளியை அவரே கவனித்தார். "அந்த விரலையும் சேத்து வரஞ்சிரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் சேர்க்கவில்லை. தாளை அப்படியே மடித்து உறைக்குள் வைத்து ஒட்டினேன். அத்தனை கடிதங்களிலும் நான் அண்ணனுக்கு அனுப்பிய உண்மை அது ஒன்றுதான். பார்த்தவுடன் அவருக்குப் புரிந்துவிடும் என்று தினமும் காத்திருந்தேன். அவருக்குப் புரியவில்லை.

சித்தப்பா மகனுக்கு விசா வந்து சேர்ந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருபவர் பெட்டி பிரிக்கும்போது சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருப்பது நம் வழக்கமல்லவா? சித்தப்பா ஒரு டேப் ரெக்கார்டர் கேட்டு எழுதச் சொல்லியிருந்தார். "பெட்டியப் பிரிக்கட்டும். பொறவு பக்குவமாச் சொல்லிக்கிடலாம்" என்று முடிவு செய்தார். சுவரில் மாலை போட்டிருந்த அய்யா படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அம்மாவை என்ன செய்வது? பொட்டில்லாத நெற்றியைப் பார்த்தால் அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே.

"அம்புட்டுத் தூரம் பிரயாணம் பண்ணி வாற பிள்ளைக்கு எதுக்க நீங்க நிக்கக்கூடாது மதினி. அவனுக்கு ஆகாது" என்றார்.

பிள்ளைக்கு ஆகாது என்றால் எந்தத் தாய் நிற்பாள்? அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, தென்காசி வழியாக வாடகைக் காரில் அண்ணன் வந்து சேர்ந்தார். வாசலிலேயே அய்யா எங்கே, அம்மா எங்கே என்று கேட்டார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு விசேசம். வந்துருவாக. நீ பெட்டியப் பிரி" என்றார் சித்தப்பா. அண்ணன் சட்டையைக் கழற்றி, சுவரில் வெறுமனே இருந்த ஆணியில் மாட்டினார். காலைவரை அய்யா படம் தொங்கிய ஆணி அது.

சோப்பு, சென்ட், துணிமணி, தைலம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டேப் ரெக்கார்டர் சித்தப்பா மடிக்குப் போனது. பெட்டியின் அடியிலிருந்து தாளில் சுற்றிய செருப்பை அண்ணன் எடுத்தார். மெத்தென்ற பழுப்புத் தோல். "இது அய்யாவுக்கு. அவிய வந்துதான் பிரிக்கணும். எப்ப வருவாக?" என்று கேட்டார்.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏலே, மனசத் தேத்திக்க. அய்யா போயிட்டாருலே. அஞ்சு மாசமாச்சு."

அண்ணன் கத்தவில்லை. சாவுச் செய்தி காதில் விழுந்தால் உடனே தலை முழுக வேண்டும் என்பது முறை. செருப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போய், தொட்டித் தண்ணீரைப் பேன்ட்டோடு தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் மட்டும்தான் "நாயனா, போதும் நாயனா" என்று அழுதபடி ஓடிவந்து துண்டை நீட்டினார். அண்ணன் நனைந்த உடம்போடு கூடத்துக்குத் திரும்பியபோது பெட்டி காலியாக இருந்தது. செருப்பையும் காணோம்.

அப்படியே என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். பெரியம்மா வீட்டில் அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "எதுக்க வராதய்யா. செத்த நேரம் திரும்பி நில்லு. உனக்கு ஆகாது" என்ற குரல் மட்டும் வந்தது.

"உன்னப் பாக்கத்தானம்மா அம்புட்டு தூரத்துல இருந்து வந்தேன். எனக்கு எல்லாம் ஆகும். வெளிய வா" என்றார் அண்ணன். அம்மா வெளியே வர வெகுநேரம் ஆனது. சித்தப்பாவை நான் எதற்கு மன்னித்தாலும் அந்தக் கதவுக்கு மன்னிக்க மாட்டேன்.

மறுநாள் காலை அம்மாவோடு நாங்கள் வீடு திரும்பியதும், சித்தப்பா அந்தப் புதுச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு வந்தார். "அளவு கச்சிதமா இருக்குலே. வீணாப் போட்டுரக்கூடாதுல்ல" என்றார். அண்ணன் அவருடைய இடது காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். "அந்தத் தாளப் பாக்கையில மடிப்புல கோடு விட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன் தாயி. அப்படி நெனைக்கத்தான் எனக்குப் பிடிச்சிருந்துச்சு" என்றார். என்னை ஒரு சொல் திட்டவில்லை.

அண்ணன் சித்தப்பாவிடம் நியாயம் கேட்கப் போனார். சித்தப்பா பதற்றமே இல்லாமல் பதில் சொன்னார். "லெட்டர் எழுதுன கை யாரு கை? சுந்தரபாண்டியத்துல இருந்து உன் தங்கச்சியப் பொண்ணு பாக்க வாராகள்ல? பெத்த அப்பன் செத்ததை மறைச்சு, அய்யா சொகம்னு எழுதுன பிள்ளைன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." அண்ணன் திரும்பி வந்துவிட்டார். தான் இருக்கும்வரை நான் இதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். எனக்குச் சுந்தரபாண்டியத்தில் திருமணம் நல்லபடியாக நடந்தது.

சித்தப்பா அதோடு விடவில்லை. "தந்தி கொடுத்தோம், பய வரல" என்று ஊருக்கெல்லாம் சொன்னார். பெட்டி பிரித்த அன்று கூடத்தில் இருந்தவர்களும் அதை மறுக்க முன்வரவில்லை. கல்யாண வீட்டிலும் கேத வீட்டிலும் அண்ணனைக் காட்டி, "அப்பன் சாவுக்கு வராதவன்" என்றார். இதை வாசிக்கும் நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டு நம்பியும் இருப்பீர்கள். உங்களில் சிலர் அவர் பக்கத்தில் உட்காரத் தயங்கியதை நான் மறக்கவில்லை.

அண்ணன் மறுபடி வெளிநாடு போகவில்லை. "இனி லெட்டர நம்பி நான் எங்கயும் போறதா இல்ல" என்று சொல்லிவிட்டார். ராஜபாளையத்திலேயே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தார். கூமாப்பட்டியிலும் வ. புதுப்பட்டியிலும் தோட்டத்துக் கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் அண்ணனுக்குத்தான் ஆள் வரும். பயிர் காயுமே என்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். கடையில் தொழில் படித்து வெளிநாடு போனவர்கள் பலர். அவர்களுக்கெல்லாம் ஒரே புத்திமதிதான் சொல்வார். "வீடியோல கூப்பிட்டா அப்பாவ வாசல்ல இருந்து அடுப்படி வரைக்கும் நடந்து காட்டச் சொல்லு. மத்தவுக சொல்றத நம்பாத." அவர்கள் வேடிக்கையாகச் சிரிப்பார்கள். அண்ணனும் கூடவே சிரிப்பார்.

அம்மாவைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொண்டார். எங்கே கிளம்பினாலும், "எதுக்க வாம்மா" என்று அம்மாவை வாசலுக்கு அழைத்து, அவர் முகத்தில் விழித்துவிட்டுத்தான் போவார். சென்ற ஆண்டு நெஞ்சு வலி என்று படுத்த அண்ணன் பத்தே நாளில் போய்விட்டார்.

அண்ணனைக் கிடத்தியிருந்தபோது தெரு கொள்ளாத கூட்டம். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது, தலைமாட்டில் இருந்த என் காதில் விழுந்தது. "அப்பன் சாவுக்கு வராதவனுக்கு எம்புட்டுக் கூட்டம் பாத்தியளா?" அண்ணனுக்கு நான் கொடுத்த வாக்கு அந்த நிமிடத்தோடு தீர்ந்தது.

பதினாறாம் நாள் கழிந்து, அண்ணி அந்த மஸ்கட் பெட்டியைத் திறந்து காட்டினார். காயில் கம்பியால் கட்டிய என் கடிதங்கள் இருந்தன. நடுவில் அந்தத் தாளும் இருந்தது.

நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் பத்து நாளும் காத்துக் கிடந்த வ. புதுப்பட்டி விவசாயிகளுக்கும், கடைத் தொழிலாளர்களுக்கும், அன்று துண்டு நீட்டிய அக்காவின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி கூறுகிறது. அச்சகத்தார் அந்தத் தாளைச் சிறிதாக்கி ஒரு மூலையில் போடலாமா என்று கேட்டார்கள். அசல் அளவே வேண்டும் என்றேன். அதனால்தான் இந்த மலரின் கடைசித் தாளை மட்டும் மடித்து வைத்திருக்கிறார்கள். சிரமம் பாராமல் செய்து கொடுத்த அவர்களுக்கும் நன்றி.

குடும்பத்தில் மூத்தவர் என்ற முறையில் முதல் பிரதியைத் தானே வாங்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லி அனுப்பினார். நான் மறுக்கவில்லை. நினைவு நாள் கூட்டத்தில் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். கண் பார்வை மங்கிவிட்டதால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். பக்கத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து உரக்க வாசித்துக் காட்டுங்கள். முடித்ததும் கடைசித் தாளை விரித்து அவர் காலடியில் போடுங்கள்.

சித்தப்பா, இடது செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் காலை வையுங்கள். எல்லோரும் ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் அய்யாவுக்கு இரண்டு காலிலும் ஐந்தைந்து விரல்கள் இருந்தன.

— தங்கை