வள்ளிக்கண்ணு அக்காவுக்கு நிறுத்திய சோறு

அப்பாவுக்கு இட்லி எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வள்ளிக்கண்ணு அக்காவின் கணவர் சிங்காரவேல் மாமா. "பாப்பா, அக்கா போயிட்டா. அப்பாட்ட பதமா சொல்லு" என்றார். பிறகு அழுதுகொண்டே, "கடைசி வரைக்கும் வாயைக் கட்டித்தான் இருந்தா பாப்பா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அதுதான் இருக்கிறது.

தஞ்சாவூர் டயாலிசிஸ் மையத்தில் செவ்வாய், வெள்ளி வருகிற நம் எல்லோருக்கும் வள்ளிக்கண்ணு அக்காவைத் தெரியும். மல்லிப்பட்டினத்தில் மீன் விற்றவர். பட்டுக்கோட்டையில் பஸ் பிடித்து வருவார். அப்பாவும் நானும் ஒரத்தநாட்டில் ஏறுவோம். அப்பாவுக்குத் துணை வேண்டுமென்று பத்தாவதோடு நின்றவள் நான். ஒருநாள் அப்பாவுக்காக அக்கா பையைப் போட்டுப் பிடித்து வைத்திருந்த இடத்தில் ஒருவர் உட்காரப் பார்த்தார். "இந்த சீட்டுல உக்காரணும்னா ரெண்டு கிட்னியும் போயிருக்கணும். தம்பிக்குப் போயிருக்கா?" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஏ புள்ள, உன் வாயை வாடகைக்கு விட்டிருக்கியா?" என்று என்னையும் விடவில்லை.

அந்த அக்காவின் வாய்க்குத்தான் பூட்டுப் போட்டார்கள். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்பு ஒரு டாக்டர் மீன், முட்டை, பருப்பையெல்லாம் குறைக்கச் சொல்லியிருந்தார். அப்போது அது சரிதான். தொடங்கிய பிறகு கணக்கே மாறிவிடும். மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும்போது சத்தும் கொஞ்சம் சேர்ந்து போய்விடும், அதனால் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். இதை அக்காவுக்கோ மாமாவுக்கோ யாரும் சொல்லவில்லை. பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் தாய்ப்பால் ஊறப் பால்சுறா மீன் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவர், சுரைக்காயும் சோறும் தின்றார். பார்க்க வந்த சொந்தமெல்லாம், "வள்ளிக்கண்ணு மாதிரி பத்தியம் இருக்க யாரால முடியும்?" என்று மெச்சியது. பட்டினி கிடப்பவளைப் பார்த்து மெச்சியது.

மையத்திலும் எடை பார்த்தார்கள். "வெயிட் கரெக்டா இருக்கு, இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க." சதை கரைந்த இடத்தில் நீர் சேர்ந்தால் எடை அப்படியேதான் இருக்கும். அக்காவின் கால் வீங்கியிருந்தது, தோள் ஒட்டிப்போயிருந்தது. பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். "எலும்பு குத்துது புள்ள." இதைப் பார்க்க மெஷின் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

புதிதாக வந்த டாக்டரம்மாதான் ஒருநாள் அக்காவின் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார்.

"மீன், முட்டையெல்லாம் சாப்பிடுறீங்களாம்மா?"

"மீனா! மோந்துகூடப் பாக்குறதில்ல டாக்டர். பத்தியம்."

"யாரு இருக்கச் சொன்னது?"

அக்கா சுற்றிலும் பார்த்தார்.

சாப்பிடலாம் என்று சொன்னபோது அக்காவால் சாப்பிட முடியவில்லை. நாக்கில் ருசி செத்திருந்தது. சத்து மாவைக் கரைத்துக் கொடுத்தால் அப்படியே வாந்தியாக வந்தது. அதனால் டயாலிசிஸ் ஓடும்போதே மெஷினின் குழாய் வழியாக ரத்தத்தில் சத்தை ஏற்றினார்கள். பால் நிறத்தில் ஒரு பை. நர்ஸ் இடையிடையே விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார். "நாலு மணி நேரமா சாப்பிடுறேன், உப்பு இருக்கா இல்லையான்னே தெரியல" என்றார் அக்கா. பக்கத்துக் கட்டில்களெல்லாம் சிரித்தன. "இதுவே போதும்னு இருக்காதீங்க. வாயால சாப்பிடுற தெம்பு வர்ற வரைக்கும் இது முட்டுக் கொடுக்குது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

சில வாரங்களில் தெம்பு எட்டிப் பார்த்தது. "நேத்து கஞ்சி குடிச்சேன், வாந்தி வரல!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மையத்திலும் அதையே சொன்னார். அதற்குள் டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் கட்டில் பக்கம்கூட வராமல், "வாயால சாப்பிடுறாங்கல்ல? பையை நிறுத்திடுங்க" என்றார்.

"மூணு வாய் கஞ்சி குடிச்சதுக்கா சோத்த நிறுத்துறீங்க?" என்று அக்கா கத்தினார்.

"சத்தம் போடாதீங்க, மத்த பேஷன்ட் எல்லாம் இருக்காங்க."

ஆமாம், நாமெல்லாம் இருந்தோம்.

அக்காவுக்குக் கஞ்சி திரும்பவும் இறங்காமல் போனது. பிறகு காய்ச்சல் வந்தது. பை ஓடியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, அது யாருக்கும் தெரியாது. ஒரு காய்ச்சலைத் தாங்கக்கூட உடம்பில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

எட்டாம் நாள் படைத்தார்கள். தலைவாழை இலையில் வஞ்சிர வறுவல், நண்டு, இறால், சுறாப்புட்டு. "அவளுக்குப் புடிச்சதெல்லாம் வச்சிருக்கேன்" என்றார் மாமா. அவர்மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. அவர் தனக்குச் சொன்னதைச் செய்தவர். படையல் முடிந்து பந்தி போட்டார்கள். அப்பா இலைக்கு மீன் குழம்பு வந்ததும், மாமாவின் பெரியம்மா பரிமாறுகிறவரின் கையைத் தடுத்தார்.

"அவருக்கும் டயாலிசிஸ் ஆச்சே! வாயைக் கட்டிக்குங்க தம்பி. வள்ளிக்கண்ணு எப்படிக் கட்டுனா!"

"கட்டித்தான் செத்தாங்க" என்றேன்.

பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. கரண்டியை வாங்கி, உப்பும் நீரும் ஆகாதென்று குழம்பை வடித்துவிட்டு, மீன் துண்டை மட்டும் அப்பா இலையில் வைத்தேன். அப்பா முள் எடுக்கத் தொடங்கினார்.

அக்கா எனக்கு விட்டுப்போனது இந்தக் கோபம்தான். வெள்ளிக்கிழமை மையத்துக்கு அப்பாவோடு இதையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.