வேலி தாண்டிய அவரைக்கொடி

சிந்தாமணிக்கு ஒற்றை ஆளுக்குச் சமைக்க வராது. குன்னத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் அண்டா அண்டாவாகச் சாம்பார் வைத்து ஓய்வு பெற்றவள். வீட்டில் தனக்கென்று ஒரு கை அரிசி போட்டால் ஒன்று உப்பு கூடிப்போகும், இல்லையென்றால் சோறு மிஞ்சிப்போகும். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. பொழுது போவதெல்லாம் கொல்லையில்தான்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற வழியில் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஓமவல்லி, வேலியோரம் தூதுவளை, அடுப்படி ஜன்னலுக்கு நேரே துளசி. இருமல் சளி என்று தெருவில் யார் வந்து நின்றாலும் இலை உண்டு. இலை கேட்டு வருகிறவர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள் என்றுதான் அதையெல்லாம் வளர்த்தாளோ என்னவோ. வந்தவர்கள் பறித்த கையோடு போய்விடுவார்கள்.

போகாமல் நின்று பேசியவள் பாக்யலட்சுமி ஒருத்திதான். கிளுவை வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. மகன் ஜெயப்பிரகாஷும் மருமகளும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்க, இவளும் தனிக்கட்டைதான். சிந்தாமணி வெண்டைக்காயை வேலி மேல் வைப்பாள். அவள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் புளிச்சக்கீரை வைப்பாள். "அக்கா, இன்னிக்கி என்ன கொழம்பு?" என்று அங்கிருந்து குரல் வராமல் சிந்தாமணி அடுப்பு மூட்டியதில்லை.

ஒரு பூசணிப் பிஞ்சு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. பாக்யலட்சுமியின் கொல்லையில் அது முதல் பிஞ்சு. பிஞ்சை நீட்டிய விரலால் காட்டினால் வெம்பிப் போகும் என்பார்கள். காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். இது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சிந்தாமணிக்கும் தெரியும். சந்தோஷத்தில் மறந்து தொலைத்தாள். "ஏ பாக்யம், எம்மாம் பெருசு பாரு" என்று வேலிக்கு மேலே விரலை நீட்டிவிட்டாள்.

அந்த வாரமே பிஞ்சு மஞ்சளாகி விழுந்தது. ஈ குத்தியிருக்கலாம், வெயில் தாங்காமல் போயிருக்கலாம். பாக்யலட்சுமிக்கு அதையெல்லாம் யோசிக்கப் பொறுமை இல்லை. "புள்ள பெறாதவ கண்ணு பட்டா எது தங்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தனக்குள் சொல்கிறவள் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

ஊரில் நாலு பேர் சொன்ன வார்த்தைதான் அது. அவர்கள் சொன்னபோதெல்லாம் பதிலுக்கு நறுக்கென்று கொடுத்துவிட்டுச் சிந்தாமணி தன் வேலையைப் பார்த்திருக்கிறாள். பாக்யலட்சுமி சொன்னபோது மட்டும் வேலியை விட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் வேலி மேல் வெண்டைக்காய் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து குரலும் இல்லை. சொன்னவளுக்கு வெட்கம், கேட்டவளுக்கு வீம்பு. மாதக்கணக்கில் அப்படியே ஓடியது. சிந்தாமணிக்கு அழுகை வந்த நாட்களும் உண்டு. அதைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆடியில் ஊன்றிய அவரை கார்த்திகையில் பந்தலை மூடி, வேலிப்பக்கம் நுனியை நீட்டியது. வேலி தாண்டித் தொங்குகிற காய் அந்தப் பக்கத்துக்காரருக்கு. கேட்டுப் பறிக்க வேண்டியதில்லை என்பது அங்கே வழக்கம். சிந்தாமணிக்கு ஒரு யோசனை தோன்றியது. 'நான் போய்ப் பேச மாட்டேன். கொடி போனா என்ன?' ஒரு சாயங்காலம் நுனியை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் போட்டாள். பாக்யலட்சுமி ஒரே ஒரு காய் பறித்தால் போதும். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு "என்ன கொழம்பு?" என்று சிந்தாமணியே முதலில் கேட்டுவிடுவாள். அவள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

காலையில் பார்த்தால் கொடி இந்தப் பக்கமே திரும்பியிருந்தது.

"திமிரப் பாரு" என்று பொருமினாள். சாயங்காலம் மறுபடி எடுத்துப் போட்டாள். காலையில் மறுபடி திரும்பி வந்தது. இவளும் விடவில்லை, அவளும் விடவில்லை. ஒருநாள் கோபம் கொஞ்சம் ஆறியபோதுதான் குனிந்து பார்த்தாள். கொடியை ஒடிக்கவில்லை, பிய்க்கவில்லை. கொழுந்து நசுங்காமல், ஒரு பூகூட உதிராமல், பந்தலின் மூங்கில் குச்சியில் பதமாகச் சுற்றிவிட்டிருந்தது. பனியில் கொஞ்ச நேரம் நின்று பொறுமையாகச் செய்தால்தான் அப்படி வரும்.

அதற்குப் பிறகு முகம் கழுவுவதற்கு முன்னால் வேலியடிக்குப் போவது பழக்கமாகிவிட்டது. அவள் இன்றைக்கு எப்படிச் சுற்றியிருக்கிறாள் என்று பார்ப்பாள். சாயங்காலம் கொடியைப் போட்டுவிட்டுத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து இருட்டும்வரை வேலியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு என்று பார்த்தால் அது ஒன்றுதான் அவளுக்கு இருந்தது.

மார்கழியில் ஒரு காலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு நெடுநேரம் கழித்துப் பார்த்தபோதும் கொடி அந்தப் பக்கமே கிடந்தது. மறுநாளும் கிடந்தது. சிந்தாமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவழியாக இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தாள். காய் பறித்து, கருவாடு போட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு பேருக்கு என்பதால் உப்பு சரியாக வந்திருந்தது. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு தெருவைச் சுற்றி பாக்யலட்சுமி வீட்டு வாசலுக்குப் போனாள்.

கதவில் பூட்டு தொங்கியது. எதிரில் பால் ஊற்றும் மருதாயி வந்தாள்.

"சிந்தாமணியம்மா, ஒங்களுக்குத் தெரியாதா? மருமவ மாசமா இருக்குதுல்ல, தல சுத்தி வுழுந்துருச்சாம். நேத்து விடியக்காலையில மவன் வந்து அம்மாவத் திருப்பூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். இனிமே அங்கதானாம். வூட்ட வாடகைக்கு வுடப் போறாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லத்தான் ஒங்க வூட்டு கேட்டாண்ட நின்னுச்சாம். 'அக்கா தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு, கூப்புட வாய் வரல, நீ சொல்லிரு'ன்னு போன்ல சொன்னுச்சு. நான்தான் மறந்துட்டேங்க."

சிந்தாமணி வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். "அக்கான்னா சொன்னா?"

"ஆமா. வேற எப்புடிச் சொல்லும்?"

மருதாயி போன பிறகு சிந்தாமணி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்தக் கொல்லையில் கால் வைத்தே எத்தனையோ மாதமாயிற்று. வேலியோரம் தரை மட்டும் புல் இல்லாமல் மிதிபட்டுக் கிடந்தது. அங்கே நின்று தன் வீட்டைப் பார்த்தாள். கிளுவை இடுக்கு வழியே துவைக்கும் கல் நன்றாகத் தெரிந்தது. அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் முகம்கூடத் தெரியும்.

கொடியில் பாக்யலட்சுமி பக்கம் தொங்கிய காய்களை யாரும் தொடவில்லை. முற்றத் தொடங்கியிருந்தன. வாளியைக் கீழே வைத்துவிட்டு நுனியை எடுத்து மூங்கில் குச்சியில் சுற்றப் பார்த்தாள். அவள் கைக்கு அந்தப் பதம் வரவில்லை, இரண்டு பூ உதிர்ந்தது.

அன்று சாயங்காலமும் கொடியை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள். விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் தெருவைச் சுற்றிப் போய், பாக்யலட்சுமி நின்ற இடத்தில் நின்று, தானே அதைத் திருப்பிவிட்டாள்.