கவுன்சிலர் மீது நான் கொடுத்த புகார்

போன தேர்தலில் எங்கள் வார்டில் நானும் நின்றேன், தோற்றேன். ஜெயித்த பெண் நன்றாக வேலை செய்கிறார். அதுதான் என் பிரச்சினை.

தெருவிளக்கு எரிகிறது. குப்பை வண்டி சொன்ன நேரத்துக்கு வருகிறது. வந்த புகார்களையும் முடித்த தேதியையும் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிடுகிறார். என் பெயிண்ட் கடைக்கு வருகிறவர்கள் பெயிண்ட் கேட்பதற்கு முன்னால் அவர் புகழைப் பாடுகிறார்கள்.

பொறுக்க முடியவில்லை. கடை வாசலில் சாக்கடைத் தண்ணீர் தேங்குகிறது என்று நேற்று நானும் ஒரு புகார் கொடுத்தேன். முடிக்காமல் விட்டால் அடுத்த தேர்தலில் பேச ஒரு விஷயம் கிடைக்கும் அல்லவா?

இன்று காலையிலேயே ஆட்களோடு வந்துவிட்டார். குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, நீங்க கட்டுன படிதான் வாய்க்காலை அடைச்சுக்கிட்டு நிக்குது. நாங்களே இடிச்சிரட்டுமா, இல்ல நோட்டீஸ் குடுத்தாத்தான் கேப்பீகளா?"

பெயிண்ட் வாங்க வந்தவர், "இடிங்க, இங்குட்டு வண்டி நிப்பாட்டவும் எடம் கெடைக்கும்" என்றார். என் கடையில் நின்றுகொண்டு!

"சரி தங்கச்சி, இடிங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அரை மணியில் தண்ணீர் ஓடிவிட்டது. மதியம் சாப்பிடப் போனால் என் மனைவி, "நல்லவேள, நீங்க தோத்தீக" என்கிறாள்.

அடுத்த தேர்தலிலும் நிற்பதாகத்தான் இருக்கிறேன். எனக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவரைப் பாராட்டுகிறவர்கள் தயவுசெய்து அவர் பக்கத்தில் போய்ப் பாராட்டுங்கள். இது என் பக்கம்.