கம்பளிக்கடை பாயின் சனிக்கிழமைப் பேச்சு

புதன்கிழமை காலை ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தபோது சம்சுதீன் பாயின் மகள் அழைத்தார். பள்ளி நேரத்தில் அழைப்பவர் அல்லர். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "அத்தா போயிட்டாங்க டீச்சர். தூக்கத்துலயே" என்றார்.

ஏற்காட்டுக்காரர்களுக்குப் பாயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே ஒண்டிக்கடை என்னும் இடத்தில் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்றவர். எங்கள் மலையின் சிறிய சமூக வானொலியில் சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஓர் உரையாடல் நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தியவர். நேயர்களின் அழைப்புகளை வாங்கி அவரிடம் இணைத்துக் கொடுப்பது என் வேலை.

வானொலி தொடங்கியபோது என்ன நிகழ்ச்சி செய்யலாம் என்று எல்லாரையும் கேட்டார்கள். சமையல் என்றோம், பாட்டு என்றோம். பாய் மட்டும் வேறு சொன்னார்: "நம்ம ஊருல எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்குதுங்க. அதெ டீக்கடையில சொல்றாங்க. கேக்க வேண்டிய ஆளு அங்க இருக்கறதில்லீங்க. ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வெக்கலாமுங்க."

அப்படித்தான் உட்கார வைத்தார். கடவுள்மேல் கோபப்படலாமா என்று ஒரு சனிக்கிழமை பேச்சு. கோயில் பூசாரி ஒருவர், பள்ளிவாசல் இமாம், அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர். பெரியவர்கள் இருவரும் நிதானமாக விளக்கி முடித்ததும் செவிலியர், "நான் தெனமும் கோவப்படறேனுங்க. அப்புறம் டூட்டிக்குப் போயிடறேன்" என்றார். பாய் சிரித்த சிரிப்பில் என் காதொலிப்பான் அதிர்ந்தது.

அவரிடம் குறையும் இருந்தது. பேச்சாளரைக் காக்க வைக்கக் கூடாது என்று நேயர்களை அவசரப்படுத்துவார். சீசன் காலத்தில் மலைப்பாதை நெரிசலைப் பற்றிப் பேசிய அன்று, விடுதி நடத்தும் ஒருவர் விருந்தினர். கொட்டச்சேடு கிராமத்திலிருந்து பழனியம்மா என்ற எஸ்டேட் தொழிலாளி அழைத்தார். எந்த பஸ், எந்த வளைவு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "சுருக்கமா சொல்லுங்கம்மா" என்றார் பாய். இரண்டாம் முறையும் சொன்னார். பிறகு நன்றி கூறி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மா மறுபடி அழைத்தார். நான்தான் எடுத்தேன். "ஒண்ணுமில்லீங்க. எங்க ஊட்டுக்காரரு அந்த வண்டி வரிசையில ஆம்புலன்சுலயே போயிட்டாருங்க. அதெச் சொல்ல வந்தேன். பரவாயில்லீங்க" என்று வைத்துவிட்டார்.

பாயிடம் சொன்னேன்.

மறுநாள் சீசன் ஞாயிறு. கடையில் கூட்டம் நெரியும் நாள். பாய் கடையைப் பூட்டிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டச்சேடு பஸ் ஏறினார். பழனியம்மா வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"பேட்டிக்குங்களா?"

"இல்லீங்க. மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"பேசற பொட்டி கொண்டு வரலீங்களா?"

"கொண்டு வரலீங்க."

அந்த அம்மா வாசலை விட்டு விலகி வழி விட்டார். "டீ குடிக்கறீங்களா?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பழனியம்மா தாமாகவே நிலையத்துக்கு வந்தார். பாய், தாம் செய்த தவற்றை முதலில் நேயர்களிடம் சொன்னார். பிறகு நிகழ்ச்சி முடியும்வரை வாய் திறக்கவில்லை. பழனியம்மா அழுதபோதுகூட அந்த மௌனத்தை எதையும் போட்டு நிரப்பவில்லை. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த விடுதிக்காரர் அன்று மாலை பாயின் கடைக்கு வந்தார். அவரும் டாக்ஸி ஓட்டுநர்களும் பேசி, சீசன் நாட்களில் வளைவுகளில் ஆள் நிறுத்தி, ஆம்புலன்ஸுக்கு ஒரு பக்கம் வழி விடச் செய்தார்கள். இன்றும் நிற்கிறார்கள்.

போன ஆண்டு பாய்க்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போனது. இனி வரமாட்டார் என்று நினைத்தோம். மூன்றாம் மாதம் சட்டைப் பையில் காகிதமும் பேனாவுமாக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் எழுதிக் கொடுக்கும் கேள்விகளை நான் வாசிப்பேன். ரொம்பக் கஷ்டமா இருக்கா பாய் என்று ஒருநாள் கேட்டேன். எழுதினார்: "ஊட்டுல சண்டை போடத்தான் முடியல டீச்சர். எழுதி முடிக்கறதுக்குள்ள அவ உள்ள போயிடறா."

அடக்கம் அன்று நான் அவர் வீட்டில், அவர் மனைவி ரஹ்மத் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். அக்கா அழவில்லை. என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நேற்றுச் சனிக்கிழமை. விருந்தினர் யாரையும் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. மைக்கைத் திறந்து, பாய் இறந்த செய்தியைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

"நான் ரஹ்மத் பேசறேனுங்க" என்றது மறுமுனை.

இத்தனை ஆண்டுகளில் அக்கா ஒருமுறையும் வானொலியில் பேசியதில்லை. கணவரை இழந்த பெண்கள் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் என்பதால் வீட்டை விட்டு வரவும் முடியாது. அடுக்களையில் இருந்துதான் பேசினார். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"சனிக்கெழமை அவரு பேசறதெக் கேட்டுக்கிட்டே சோறாக்குவேனுங்க. உப்புப் போட்டனா இல்லையான்னே தெரியாது. மத்தியானம் வந்து சாப்பிட்டுப்போட்டு, நிகழ்ச்சி எப்பிடின்னு கேப்பாரு. சுமாருன்னு சொல்லுவேன்." அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "பொய்யிங்க. நொம்ப நல்லா இருக்கும்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவே தொடர்ந்தார். பன்னிரண்டு மணிச் செய்திக்கு நேரமாகியும் பேசிக்கொண்டிருந்தார். மலை முழுக்கக் கேட்டது.

பாய், அமைதியாக உறங்குங்கள். நேற்றைய நிகழ்ச்சி நன்றாக இருந்தது.